ஏழாம் அத்தியாயம்: இளம் பந்தாட்டக்காரரின் ஓட்டத் தாங்குதிறனை அளத்தல்

1. இவ்வளவை யாருக்காக

ஓமலூர் முதல் பரமத்திவேலூர் வரையிலும், ஆத்தூர் முதல் குமாரபாளையம் வரையிலும் பரந்து கிடக்கும் சேலம், நாமக்கல் சமவெளிப் பள்ளிகளில் கால்பந்து பயிற்றுவிக்கும் உடற்கல்வி ஆசிரியர் ஒவ்வொருவரும், ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் பள்ளி திறந்து புதிய பிள்ளைகள் மைதானத்துக்கு வந்து நின்றவுடன், இவர்களில் யார் ஆட்டத்தின் கடைசி நிமிஷம் வரையில் ஓடி நிற்கக் கூடியவர் என்ற கேள்விக்கு விடை தேடியாக வேண்டியவராகிறார். அந்த விடையைப் பெரும்பாலும் கண்ணே சொல்லிவிடுகிறது. கண்ணோ, உயர்ந்த பிள்ளையையும், மீசை அரும்பத் தொடங்கிய பிள்ளையையும், முதற் கால் மணி நேரத்தில் பாய்ந்து ஓடிக் காட்டும் பிள்ளையையும் விரும்புகிற இயல்புடையது. மெலிந்து சிறுத்து, பேசாமல் ஓரத்தில் நின்று, கடைசி வரை வேகம் குறையாமல் ஓடும் பிள்ளையை அது எளிதில் காண்பதில்லை. கண்ணின் இந்தப் பட்சபாதத்தைத் திருத்துவதற்கே அளவை வேண்டியிருக்கிறது.

ஆயினும், அளவையும் தவறாகக் கையாளப்பட்டால் கண் செய்த அநியாயத்தையே எண்ணின் பெயரால் செய்துவிடும். 2017-ஆம் ஆண்டில் இந்தியக் கிரிக்கெட் வாரியம் தன் வீரர்களுக்கு யோ-யோ என்னும் ஓட்டச் சோதனையை (இதன் விவரம் மூன்றாம் பகுதியில் வரும்) கட்டாயமாக்கி, 16.1 என்ற நிலையைத் தேர்ச்சிக் கோடாக வகுத்ததும், மறு ஆண்டில் அம்பாதி ராயுடு அக்கோட்டை எட்டாமையால் இங்கிலாந்துப் பயணத்துக்கான ஒருநாள் அணியில் இடமிழந்ததும் நாளிதழ்களில் வந்த நாள் தொட்டு, சோதனை என்றாலே 'பாஸ்', 'பெயில்' என்ற எண்ணம் நம் பள்ளி மைதானங்களிலும் வேரூன்றிவிட்டது. அந்த 16.1 என்பது 1,120 மீட்டர் ஓட்டத்தைக் குறிப்பது. முழு வளர்ச்சி பெற்று, ஊதியம் பெற்று விளையாடும் ஆடவர்க்கென வகுக்கப்பட்டது. அதனைக் கொண்டுவந்து பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் முன் வேலியாக நிறுத்துவது, அளவையின் நோக்கத்தையே அழிப்பதாகும். இந்த அத்தியாயம் முழுவதற்கும் ஆதாரமாக நிற்கும் விதி ஒன்றே: ஒரு பிள்ளையின் எண்ணை அதே பிள்ளையின் முந்தைய எண்ணோடு வைத்துப் பார்க்க வேண்டும்; அவ்வாறு பார்ப்பதற்குரிய வகையில், ஒவ்வொரு முறையும் ஒரே கிரமத்தில் அளக்க வேண்டும். இதன்பின் கூறப்படும் யாவும் இவ்விதியின் விரிவே.

2. பந்தாட்டத்தில் ஓட்டத்தின் இயல்பு

எதை அளக்கிறோம் என்பது தெளிவாகாமல் எதனைக் கொண்டு அளப்பது என்று துணிய இயலாது. உலகின் முதல்தர ஆட்டங்களில், தொண்ணூறு நிமிஷத்தில், இடைக்கள வீரர் ஒருவர் பத்து முதல் பதின்மூன்று கிலோமீட்டர் வரை ஓடுகிறார் என்று கணித்திருக்கிறார்கள். அந்தத் தூரத்தை மாத்திரம் கேட்டு, நெடுந்தூர ஓட்டமே பந்தாட்டக்காரனுக்கு உரிய பயிற்சி என்று கருதினால் பிழையாகும். அவர் ஒரே சீராக ஓடுவதில்லை. நான்கு முதல் ஆறு விநாடிக்கு ஒரு முறை நடை, மெல்லோட்டம், பாய்ச்சல், திருப்பம், நிற்றல் என்று தம் இயக்கத்தை மாற்றிக்கொண்டே இருக்கிறார். ஓர் ஆட்டத்தில் அம்மாற்றங்கள் ஆயிரத்துக்கும் மேற்படுகின்றன. இருதயமோ ஆட்டம் முழுவதிலும் தன் உச்சத் துடிப்பில் சராசரியாக எண்பது முதல் தொண்ணூறு விழுக்காட்டில் இயங்குகிறது.

ஆகவே பந்தாட்டக்காரனுக்கு வேண்டிய தாங்குதிறன், அதாவது பிள்ளைகள் 'ஸ்டாமினா' என்றும் 'தம்' என்றும் வழங்குவது, இரு பகுதிகளை உடையது. சரீரம் பிராணவாயுவை எவ்வளவு மிகுதியாக உட்கொண்டு பயன்படுத்த வல்லது என்பது ஒன்று. ஒரு பாய்ச்சலுக்குப் பின் எவ்வளவு விரைவில் சுவாசம் அடங்கி அடுத்த பாய்ச்சலுக்கு ஆயத்தமாகிறது என்பது மற்றொன்று. இவ்விரண்டனுள் பின்னதே ஆட்டத்தின் இறுதிப் பத்து நிமிஷத்தில் வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பது. நாம் தேர்ந்தெடுக்கும் சோதனை அதனையும் வெளிப்படுத்துவதாக இருத்தல் வேண்டும்.

3. வழக்கிலுள்ள சோதனைகளும் அவற்றின் தகுதியும்

நம் பள்ளிகளில் மிகுதியாக நடப்பது 600 மீட்டர் ஓட்டம். கேலோ இந்தியா உடற்தகுதி மதிப்பீட்டில் இடம் பெற்றிருப்பதால் இது எல்லோருக்கும் பழகியது, எளிதானது, செலவற்றது. பள்ளிப் பிள்ளைகள் அனைவரின் பொது உடல்நலத்தை அறிவதற்கு இது போதும். ஆனால் சில நிமிஷங்களுக்குள் முடிந்துவிடும் இடைவிடாத ஓட்டமாகையால், இதில் வேகத்தின் பங்கும் கலந்து விடுகிறது. திருப்பமும் இளைப்பாறலும் இல்லாமையால் பந்தாட்டத்தின் இயல்புக்கு அப்பாற்பட்டு நிற்கிறது.

அமெரிக்க விமானப்படை மருத்துவர் கென்னத் கூப்பர் 1968-இல் வெளியிட்ட பன்னிரண்டு நிமிஷ ஓட்டம் புகழ்பெற்றது. குறித்த நேரத்தில் எத்தனை தூரம் ஓடினார் என்பதே அதன் அளவு. அதற்குச் சீரான ஓடுபாதை வேண்டும். அதனினும் முக்கியமாக, தன் வேகத்தைத் தானே வகுத்துக்கொள்ளும் முதிர்ச்சி ஓடுபவனுக்கு வேண்டும். பிள்ளைகள் முதற் சுற்றைப் பந்தயமாக ஓடி, மூன்றாம் சுற்றில் இடுப்பில் கை வைத்து நடந்து, கடைசி நிமிஷத்தில் மறுபடியும் பாய்வார்கள். அப்படிக் கிடைக்கும் எண், அவர்களுடைய தாங்குதிறனைக் காட்டிலும் அவர்களுடைய அவசரத்தையே மிகுதியாகக் கூறும்.

இக்குறையை நீக்கியவர் கனடாவின் மாண்ட்ரியால் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூக் லெஜே. அவர் 1982-இல் லம்பேர் என்பவருடன் சேர்ந்து வெளியிட்டு, பின்னர் சிறுவர்க்கு ஏற்பத் திருத்தியமைத்த 20 மீட்டர் போய்வரும் ஓட்டத்தில், வேகத்தை வகுப்பது ஓடுபவனன்று, ஒலிப்பதிவு. மணிக்கு 8.5 கிலோமீட்டர் வேகத்தில் தொடங்கி, நிமிஷத்துக்கு ஒரு முறை அரைக் கிலோமீட்டர் கூடிக்கொண்டே போகும். ஒலிக்குள் கோட்டை எட்ட இயலாதவன் நின்றுவிடுவான். மெதுவாகத் தொடங்குவதால் சிறு பிள்ளையும் அச்சமின்றி ஓடலாம்.

டென்மார்க்கின் யென்ஸ் பாங்ஸ்போ, தாமே பந்தாட்டத்தில் ஊறியவராதலின், 1990-களில் இதனை ஆட்டத்துக்கு மேலும் நெருக்கமாக்கினார். யோ-யோ இடைவிட்ட மீள்திறன் சோதனை என வழங்கும் அவருடைய முறையில், ஓடுபவன் 20 மீட்டர் சென்று திரும்பி, 40 மீட்டரை ஒரு சுற்றாக முடித்தவுடன், பத்து விநாடி அவகாசம் பெறுகிறான். அந்த அவகாசத்தில் புறப்பட்ட கோட்டுக்குப் பின்னுள்ள ஐந்து மீட்டரை மெல்ல நடந்து சுற்றி வந்து, அடுத்த ஒலிக்கு ஆயத்தமாக நிற்க வேண்டும். ஓடுதல், அடங்குதல், மீண்டும் ஓடுதல் என்ற ஆட்டத்தின் தாளம் இச்சோதனையில் அமைந்திருக்கிறது. இதன் முதல் நிலை மணிக்கு 10 கிலோமீட்டரிலும், தேர்ந்த வீரர்க்குரிய இரண்டாம் நிலை 13 கிலோமீட்டரிலும் தொடங்கும். பிரான்ஸ் தேசத்தின் மார்ட்டின் புஷே வகுத்த, முப்பது விநாடி ஓடிப் பதினைந்து விநாடி இளைப்பாறும் சோதனையும் இவ்வகையில் சிறந்ததே. ஆயினும் அதற்கு 40 மீட்டர்க் களமும், இடைக்கோடுகளை ஒலியோடு பொருத்தி ஓடும் பழக்கமும் வேண்டும்.

இவற்றையெல்லாம் சீர்தூக்கி, நம் சமவெளிப் பள்ளிகளுக்கு இந்நூல் பரிந்துரைப்பது இதுவே: பன்னிரண்டு வயது நிரம்பும் வரை லெஜேயின் 20 மீட்டர் ஓட்டம், அதன்பின் யோ-யோ முதல் நிலை. யோ-யோவில் மூன்றாம் சுற்றிலேயே வேகம் மணிக்கு 13 கிலோமீட்டரை எட்டிவிடுவதால், சிறு பிள்ளைகள் பலரும் தொடக்கத்திலேயே ஒருங்கே நின்றுவிடுவார்கள். அவர்களுக்குள் உள்ள வேற்றுமை புலப்படாது. ஒரு சோதனையிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் ஆண்டில், இரண்டையும் ஒரு வார இடைவெளியில் நடத்தி, இரு எண்களையும் பதிந்துவிட்டால் தொடர்ச்சி அறாது.

4. களமும் கருவியும்

இச்சோதனைக்கு 400 மீட்டர் ஓடுபாதை வேண்டியதில்லை. முப்பத்தைந்து மீட்டர் நீளமுள்ள சமதளம் போதும். நம் பக்கத்துப் பள்ளி மைதானங்கள் பெரும்பாலும் செம்மண்ணும் சரளையுமானவை. மழைக்குப் பின் நெருஞ்சி படர்ந்து கிடப்பவை. சோதனைக்கு முந்தின மாலையில் களத்தைப் பெருக்கி, முள்ளும் கல்லும் பொறுக்கி, தண்ணீர் தெளித்து மண்ணை அடக்கிவிட வேண்டும். திரும்பும் இடத்தில் மண் பொடிந்து கிடந்தால் கால் வழுக்கும். வழுக்குகிற பிள்ளை ஒவ்வொரு திருப்பத்திலும் விநாடியின் ஒரு பங்கை இழந்து, தன் சக்திக்குக் குறைவான எண்ணைப் பெறுவான்.

தூரத்தைக் கயிற்றாலும் எட்டாலும் அளக்கலாகாது. இரும்பு டேப்பினாலேயே அளக்க வேண்டும். இதில் காட்டும் சிரத்தை வீண் நுணுக்கமன்று என்பதைக் கணக்கே காட்டும். இரு கோடுகளுக்கும் இடையே 20 சென்டிமீட்டர் குறைந்துவிட்டதாகக் கொள்வோம். அது நூற்றுக்கு ஒன்று. அதனால் பிள்ளை ஓட வேண்டிய வேகமும் நூற்றுக்கு ஒன்று குறைகிறது. மணிக்கு 15 கிலோமீட்டர் என்ற படியில் அது 0.15 கிலோமீட்டர். யோ-யோவின் மேற்படிகளில், எட்டுச் சுற்றுக்கு ஒரு முறை அரைக் கிலோமீட்டர் வேகம் கூடுகிறது. ஆகவே அந்த 0.15 கிலோமீட்டர், ஏறத்தாழ இரண்டு சுற்றுக்கு மேற்பட்ட இலவசத்தைத் தந்துவிடும். ஒரு சாண் அளவுப் பிழை, மூன்று மாதப் பயிற்சியின் பலன்போல ஏட்டில் தோன்றும்.

ஒலிப்பதிவையும் இவ்வாறே பரிசோதிக்க வேண்டும். கைப்பேசியில் கிடைக்கும் பதிவுகள் யாவும் சரியானவை என்று நம்பிவிடலாகாது. 20 மீட்டர் ஓட எத்தனை விநாடி என்பதை அறிய, 72 என்ற எண்ணை மணிவேகத்தால் வகுத்தால் போதும். 10 கிலோமீட்டருக்கு 7.2 விநாடி, 12-க்கு 6 விநாடி, 13-க்கு 5.54, 14-க்கு 5.14, 15-க்கு 4.8, 16-க்கு 4.5. ஸ்டாப்வாட்ச்சைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு மூன்று படிகளைச் சரிபார்த்தபின், அந்தப் பதிவையே ஆண்டு முழுவதும் கையாள வேண்டும். களத்தின் கோடி வரை கேட்கும் ஒலிபெருக்கி ஒன்றும், கோன்களும், கோலமாவோ சுண்ணாம்போ கொண்டு இட்ட கோடுகளும், ஓர் ஏடும் இருந்தால் கருவி நிறைந்தது.

5. நாளும் வேளையும் ஆகாரமும்

ஆண்டுக்கு மூன்று முறை அளப்பது போதுமானது. பள்ளி திறந்து மூன்று வாரம் கழிந்தபின் ஜூன் இறுதியில் முதல் முறை. காலாண்டுத் தேர்வு முடிந்த பிறகு, மழை விட்டு மண் உலர்ந்த ஒரு நாளில் இரண்டாம் முறை. பொங்கல் விடுமுறை கழிந்து ஒரு வாரத்துக்குப் பின் மூன்றாம் முறை. பங்குனி தொடங்கிவிட்டால் வெயில் ஏறும். சித்திரை, வைகாசியில் சேலத்தில் வெப்பம் 40 பாகையைத் தொட்டு நிற்கும். அப்பருவத்தில் உச்ச முயற்சிச் சோதனையை அறவே தவிர்க்க வேண்டும். மற்றப் பருவங்களிலும் காலை ஏழரை மணிக்குள் முடித்துவிடுவதே முறை. பன்னாட்டுக் கால்பந்துச் சம்மேளனமாகிய ஃபிஃபா, வெயில், ஈரம், காற்று ஆகியவற்றை ஒருசேரக் கணக்கிடும் ஈரக்குமிழ் வெப்ப அளவு 32 பாகையைக் கடந்தால், தேர்ந்த வீரர்க்கே ஆட்டத்தின் நடுவில் குளிர்விக்கும் இடைவேளை வேண்டும் என்று வகுத்திருப்பதை நினைவில் கொள்க. பிள்ளைகளுக்கு நாம் இதனினும் கண்டிப்பாக இருத்தல் தகும்.

சேலம் நகரம் கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்திலும், ஏற்காடு 1,500 மீட்டர் உயரத்திலும் இருக்கின்றன. அவ்வுயரத்தில் காற்றின் அழுத்தம் குறைவாதலால், அதே பிள்ளை அங்கே சில சுற்றுகள் குறைவாகவே ஓடுவான். ஆகையால் ஏற்காட்டிலோ கொல்லிமலையிலோ உள்ள உறைவிடப் பள்ளிப் பிள்ளைகளின் எண்ணை ராசிபுரத்து எண்ணோடு ஒப்பிடுவது பொருந்தாது.

வெறும் வயிற்றில் ஓடச் செய்வது பெருந்தவறு. அதிகாலையில் பேருந்து பிடித்து வரும் பிள்ளைகள் பலரும் ஒன்றும் உண்ணாமலே வருவார்கள். முந்தின இரவு நிறைவான உணவும், சோதனைக்கு ஒன்றரை மணி முன்பாக இரண்டு வாழைப்பழமோ ஒரு டம்ளர் ராகிக் கஞ்சியோ, போதிய தண்ணீரும் வேண்டும் என்பதை முந்தின நாளே பெற்றோருக்குச் சொல்லியனுப்ப வேண்டும். பள்ளிபாளையம், குமாரபாளையம் போன்ற ஊர்களில், இரவிலும் விசைத்தறி ஓசை ஓயாத தெருக்களில் உறங்கி எழும் பிள்ளைகளிடம், எத்தனை மணி உறங்கினாய் என்று கேட்டுப் பதிந்துகொள்வது அவசியம். போட்டி ஆடிய நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் சோதனை கூடாது.

6. நடத்தும் கிரமம்

முதலில் விலக்க வேண்டியவர்களை விலக்குக. கடந்த இரண்டு வாரத்தில் காய்ச்சல் கண்டவர், இளைப்பு நோய் அடங்காதவர், ஓடும்போது நெஞ்சு வலியோ மயக்கமோ வந்தவர், குடும்பத்தில் இளவயதில் திடீர் மரணம் நேர்ந்தவர் ஆகியோர் மருத்துவரின் அனுமதியின்றி ஓடலாகாது. முழங்காலுக்குக் கீழே எலும்பு முனையில் புடைத்து வலி கொண்ட பிள்ளைகள், வேகமாக வளரும் பருவத்தில் பலர் இருப்பார்கள். வலி தீரும் வரை அவர்களுக்கும் ஓய்வு வேண்டும். தண்ணீரும் உப்புச்சர்க்கரைக் கரைசலும் களத்தின் ஓரத்தில் இருக்கட்டும். 108 ஆம்புலன்ஸை அழைக்கும் பொறுப்பை ஒருவரிடம் பெயர் சொல்லி ஒப்படைத்துவிட வேண்டும்.

பத்து நிமிஷம் உடலைச் சூடேற்றிய பிறகு, எட்டுப் பேர் கொண்ட குழுவாக, ஆளுக்கு இரண்டு மீட்டர் அகல ஓடுதடத்தில் நிறுத்துக. புதியவர்களுக்கு முந்தின வாரமே முதல் நான்கைந்து சுற்றுகளை ஓடிப் பழக வாய்ப்பளித்திருக்க வேண்டும்; ஒலியைப் புரிந்துகொள்ளாமையால் நிற்பவன் சக்தியின்மையால் நிற்பவனாகக் கருதப்படலாகாது. இரண்டு ஓட்டக்காரருக்கு ஒருவர் வீதம் மூத்த மாணவர்களைப் பார்வையாளராக அமர்த்துக. ஒலி கேட்கும்போது கால் கோட்டைத் தொட்டாக வேண்டும். முதல் முறை தவறினால் எச்சரிக்கை. இரண்டாம் முறை தவறினால் அதுவரை முடித்த தூரம் குறிக்கப்படும். ஒவ்வொரு திருப்பத்திலும் காலை மாற்றி ஊன்றச் சொன்னால் ஒரே முழங்காலுக்குப் பாரம் ஏறாது. பூட்ஸ் அணிந்து ஓடியவர் அடுத்த முறையும் பூட்ஸிலும், வெறுங்காலில் ஓடியவர் வெறுங்காலிலும் ஓடட்டும்.

நின்றவுடன் உட்காரவோ படுக்கவோ விடாமல் நடக்கச் செய்து, கழுத்தின் பக்கத்து நாடியைப் பத்து விநாடி எண்ணி ஆறால் பெருக்கிக் குறிக்கவும். ஒரு நிமிஷம் கழித்து மறுபடியும் எண்ணிக் குறிக்கவும். பிள்ளைகளின் உச்சத் துடிப்பு நிமிஷத்துக்கு ஏறத்தாழ 200 ஆதலின், 160-இல் நின்றுவிட்ட பிள்ளை தன் எல்லையைத் தொடாமலே நின்றிருக்கிறான் என்று அறியலாம். பழைய காயத்தின் அச்சமோ, கேலிக்கு அஞ்சும் கூச்சமோ, மனத்தில் வேறொரு பாரமோ காரணமாக இருக்கக்கூடும். அவனைக் கடிந்துகொள்ளாமல், வேறொரு நாளில் தனியே ஓட வாய்ப்பளிப்பதே ஆசிரியரின் கடமை.

7. ஏட்டில் பதிவதும் எண்ணைப் படிப்பதும்

ஒரு பிள்ளைக்கு ஒரு பக்கம் என்ற முறையில் ஏடு அமையட்டும். தேதி, மணி, வெப்பம், களத்தின் நிலை, காலணி, உறக்கம், கடைசியாக உண்ட வேளை, உயரம், எடை, முடித்த தூரம், இரு நாடித் துடிப்புகள் ஆகியவை ஒரு வரிசையில் வரவேண்டும். தூரத்தைக் கொண்டு பிராணவாயு உட்கொள்ளும் அளவைக் கணிக்கும் சூத்திரங்கள் உண்டு. லெஜேயின் சோதனைக்கு வயதையும் கடைசி வேகத்தையும் கொண்டு கணிக்கும் சூத்திரம் பெரிதும் வழங்குகிறது. அவை மதிப்பீடுகளே ஆதலால், ஏட்டில் முதலிடம் பெற வேண்டியது உண்மையாக ஓடிய தூரம்.

ஓர் உதாரணம் கொள்வோம். பதின்மூன்று வயதுப் பிள்ளை ஒருவன் ஜூனில் 640 மீட்டர், அக்டோபரில் 680, ஜனவரியில் 840 ஓடினான் என்க. முதல் நான்கு மாதத்தில் கூடிய 40 மீட்டர் ஒரே ஒரு சுற்று. பழகிய வயதுவந்த வீரரிடமே, இச்சோதனையை ஒரு வாரத்துக்குள் இருமுறை நடத்தினால் ஏறத்தாழ ஐந்து விழுக்காடு வேறுபாடு வருகிறது. பிள்ளைகளிடம் அது இன்னும் மிகுதி. ஆதலால் ஒரு சுற்று, இரண்டு சுற்றுக் கூடுதல் குறைதலைக் கொண்டு புகழவும் வேண்டாம், இகழவும் வேண்டாம். மூன்று நான்கு சுற்றுகளுக்கு மேற்பட்டு, அடுத்த முறையும் நிலைத்து நிற்கும் மாற்றமே பொருளுடையது. ஜனவரியின் 840, முந்தையதைவிட நான்கு சுற்று மிகையாக நிற்பதால், கவனித்துப் பாராட்டத்தக்கது.

எண்கள் குறையும்போதும் இதே நிதானம் வேண்டும். காய்ச்சல், உறக்கக் குறைவு, பாரமான போட்டி வாரம், காலணி மாற்றம், ஈரக்களம் ஆகிய யாவற்றையும் ஏட்டில் தேடிய பிறகே, சக்தி குறைந்தது என்ற முடிவுக்கு வரலாம். ஐரோப்பியக் கழகங்களின் சராசரி எண்களைச் சுவரில் ஒட்டி வைப்பதால் பயனில்லை; ஒரே பள்ளியில் ஐந்தாறு ஆண்டு ஒழுங்காகப் பதிந்த ஏடே அப்பள்ளிக்குச் சிறந்த பிரமாணம்.

8. வளர்ச்சியின் கணக்கு

ஆண் பிள்ளைகள் சராசரியாகப் பதினான்கு வயதளவிலும், பெண் பிள்ளைகள் பன்னிரண்டு வயதளவிலும் மிக விரைவாக உயர்கிறார்கள். இப்பருவம் ஒருவருக்கு இரண்டாண்டு முந்தியும் மற்றொருவருக்கு இரண்டாண்டு பிந்தியும் வரலாம். ஆகவே பிறந்த தேதியால் ஒரே பிரிவில் நிற்கும் இருவர், சரீர வளர்ச்சியால் மூன்று நான்கு ஆண்டு வேறுபட்டு நிற்கக்கூடும். போதாக்குறைக்கு, வயதுப் பிரிவைக் கணக்கிடும் தேதியை ஒட்டிப் பிறந்தவனுக்கும், பதினொரு மாதம் பிந்திப் பிறந்தவனுக்கும் ஒரே அளவுகோல் வைக்கப்படுகிறது. முன்னே வளர்ந்தவன் அதிகம் ஓடியதைத் திறமை என்றும், பின்னே வளர்பவன் குறைவாக ஓடியதைத் திறமையின்மை என்றும் எழுதிவிட்டால், பதினேழு வயதில் நமக்கு வந்திருக்க வேண்டிய நல்ல வீரர்களைப் பதின்மூன்று வயதிலேயே வீட்டுக்கு அனுப்பிவிட்டவர்களாவோம்.

இதற்கு மருந்து எளியது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை உயரத்தை அளந்து, சோதனை எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதிவிட வேண்டும். ஆறு மாதத்தில் நான்கைந்து சென்டிமீட்டர் உயர்ந்த பிள்ளையின் ஓட்டம் தடுமாறினால், அவனுடைய கைகால்கள் புதிய நீளத்துக்குப் பழகிக்கொண்டிருக்கின்றன என்று கருதிப் பொறுத்திருக்க வேண்டும். உயரம் நின்ற இடத்திலேயே நின்று, எண்ணும் நின்ற இடத்திலேயே நின்றால், அப்போது பயிற்சியை ஆராயலாம்.

9. பெண் பிள்ளைகள்

2018-ஆம் ஆண்டு பிப்ரவரியில் கட்டாக்கில் மணிப்பூரை 2–1 என்ற கணக்கில் வென்று தேசியச் சாம்பியன் பட்டத்தை முதன்முறையாகப் பெற்ற தமிழ்நாட்டுப் பெண்கள் அணி, 2023-இல் அமிர்தசரஸில் ஹரியானாவை அதே கணக்கில் வென்று மீண்டும் அதனை அடைந்தது. நம் மாநிலத்துப் பெண்கள் ஓடத் தெரிந்தவர்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுவதில்லை. அவர்களுக்கும் இதே சோதனை, இதே கிரமம், இதே ஏடு; ஒப்பிடுவது மாத்திரம் அவரவர் எண்ணோடு.

விசேஷமாகக் கவனிக்க வேண்டியது இரத்தசோகை. 2019–21-இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் பதினைந்து முதல் பத்தொன்பது வயதுக்குட்பட்ட பெண்களில் ஏறத்தாழ 59 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர்கள். பிராணவாயுவைச் சுமந்து செல்வது இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினே ஆதலால், அது குறைந்தால் எந்தப் பயிற்சியும் பலிக்காது. காரணம் புலப்படாமல் இரண்டு முறை தொடர்ந்து எண் குறைந்த பெண்ணை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பி இரத்தப் பரிசோதனை செய்விக்க வேண்டும். பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட பெண்ணுக்கு டெசிலிட்டருக்கு 12 கிராமுக்குக் குறைவென்றால் அது இரத்தசோகை. பள்ளியில் தரும் இரும்புச்சத்து மாத்திரையைத் தூர எறியாமல் உட்கொள்ளச் செய்வதும், முருங்கைக்கீரையோடு நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்த்துண்ணச் சொல்வதும் பயிற்சியின் பகுதியே. மாதவிடாய் நாட்களில் ஓட விரும்பாத பெண்ணை, காரணம் கேளாமலே வேறொரு நாளுக்கு மாற்றும் ஏற்பாடு முன்கூட்டியே இருத்தல் வேண்டும்.

10. அளந்த பின் செய்ய வேண்டுவது

அளந்து எழுதி மூடி வைத்த ஏடு, தராசும் படிக்கல்லும் இருந்தும் வியாபாரம் நடவாத கடையை ஒக்கும். எண் குறைந்த பிள்ளைகளை மைதானத்தைச் சுற்றிப் பத்து முறை ஓடச் சொல்வது பலருடைய வழக்கம். தவறு செய்தவனைத் தண்டிப்பதற்கும் அதே பத்துச் சுற்று. ஓட்டத்தைத் தண்டனையாகக் கற்ற பிள்ளை, சோதனை நாளில் தன் முழு சக்தியை வெளிப்படுத்த ஒருபோதும் மனம் இசையான். ஆகவே ஓட்டத்தைத் தண்டனையாக விதிக்கும் வழக்கத்தை முதலில் ஒழிக்க வேண்டும்.

தாங்குதிறனை வளர்க்கும் வழியைப் பந்தோடு சேர்ந்தே காணலாம். நார்வே தேசத்தில் யான் ஹெல்கெருடும் அவருடைய தோழர்களும் 2001-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், பதினெட்டு வயதளவினரான இளம் வீரர்கள் வாரத்துக்கு இருமுறை, எட்டு வாரம், உச்சத் துடிப்பின் 90 முதல் 95 விழுக்காட்டில் நான்கு நிமிஷ ஓட்டங்கள் நான்கினை, இடையிடையே மூன்று நிமிஷ மெல்லோட்டத்தோடு செய்தனர்; அதன் பயனாக, ஆட்டத்தில் அவர்கள் ஓடிய தூரம் ஐந்தில் ஒரு பங்கு கூடிற்று. நம் பிள்ளைகளுக்கு அதே நான்கு நிமிஷத்தைச் சிறு களத்தில் நால்வருக்கு நால்வர் ஆட்டமாக வகுத்துத் தரலாம். வெளியே போன பந்துக்குப் பதிலாக உடனே வேறு பந்தை உருட்டிவிட்டால் ஆட்டம் நிற்காது, இருதயம் உயர்ந்த துடிப்பிலேயே இயங்கும், பந்தைக் கையாளும் வித்தையும் வளரும். பன்னிரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு இரண்டு ஆட்டமே போதும்.

இறுதியாக, எண்ணைப் பிள்ளையிடம் தெரிவிக்கும் முறை. வரிசைப்படுத்தி அறிவிப்புப் பலகையில் ஒட்டலாகாது. ஒவ்வொருவரையும் தனியே அழைத்து, அவருடைய பக்கத்தைத் திறந்து காட்டி, சென்ற முறை இவ்வளவு, இம்முறை இவ்வளவு, உன் உயரம் இத்தனை வளர்ந்தது, அடுத்த முறைக்குள் நாம் செய்யப் போவது இது என்று இரண்டு நிமிஷம் பேசினால் போதும். முதலமைச்சர் கோப்பைக்கோ, மாவட்டப் போட்டிக்கோ அணியைத் தேர்ந்தெடுக்கும்போது இந்த எண் ஒரு சாட்சியாக நிற்கட்டும்; பந்தின் மேலுள்ள ஆளுகையும், ஆட்டத்தைப் படிக்கும் அறிவும், தோழர்களோடு ஒத்துழைக்கும் குணமும் மற்றச் சாட்சிகளாக நிற்கட்டும்; ஒரு சாட்சியைக் கொண்டு மாத்திரம் தீர்ப்பு எழுதலாகாது. பிள்ளை பள்ளியை விட்டுச் செல்லும் நாளில், அவனுடைய பக்கத்தின் பிரதி ஒன்றை அவனிடம் கொடுத்தனுப்புக. அடுத்த பயிற்சியாளர் அவனை முதல் நாள் கண்ணால் மதிப்பிடுவதற்கு முன், அவன் கடந்து வந்த ஆண்டுகளின் கணக்கையும் பார்க்கும் வாய்ப்பு அதனால் உண்டாகும்.